கல்லுக்கும் காவல் வேண்டும்

மன்னார்க் கரையின் சிலாவத்துறையில் கிணற்று நீர் கொதிக்கும் எந்தக் கேத்தலையும் திறந்து பாருங்கள். உள்ளே வெள்ளையாக ஒரு படை ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் பொருக்காகக் கழன்று வரும். இறுகிப்போனால் புளி போட்டுக் கொதிக்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லில் ஊறிவரும் வன்னீர் விட்டுச்செல்லும் கல்சியம் காபனேற்று அது. கரையில் ஒதுங்கும் சிப்பியும், இந்தக் கடலுக்குப் பெயர் வாங்கித் தந்த முத்தும் பெரும்பாலும் அதே பொருள்தான். தீவின் மறுபக்கத்தில், இரத்தினபுரி மாவட்டத்து எம்பிலிப்பிட்டியாவை அண்டிய வவுல்பனே குகையின் கூரையில் தொங்கும் கல்லூசிகளும் அதேதான்.

சுண்ணக்கல் குகைகள் அருகிய இந்நாட்டில் வவுல்பனே ஓர் அரிய செல்வம். ஏறக்குறைய 450 மீற்றர் நீளம். உள்ளே ஓடை ஓடுகிறது. நிலத்துக்கு அடியிலேயே ஓர் அருவி விழுகிறது. கூரையிலிருந்து கல் இறங்குகிறது, தரையிலிருந்து கல் முளைக்கிறது, சில இடங்களில் இரண்டும் சேர்ந்து தூணாகின்றன. சிங்களத்தில் ‘வவுலா’ என்றால் வௌவால். பெயருக்கேற்ப வௌவால்கள் அங்கே திரளாகத் தங்குகின்றன. எங்கள் பிள்ளைகள் அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே நம் விருப்பம். ஆனால் காவலும் ஒழுங்கும் முதலில் வர வேண்டும். கூட்டம் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? மண்ணில் உள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுக்கொண்டு இறங்கும் மழைநீர் கல்லைக் கரைக்கிறது. குகைக் காற்றைத் தொட்டதும் வாயு வெளியேற, துளி தன்னிடமிருந்த கல்லில் ஓர் அணுவளவை விட்டுவிட்டு விழுகிறது. இப்படி நூறு ஆண்டில் ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே நல்ல வளர்ச்சி. ஒரு பையன் ஞாபகத்துக்கென்று ஒடித்து எடுக்கும் சுண்டுவிரல் நீளக் கல், சங்கிலியன் காலத்தில் தொடங்கியதாக இருக்கலாம். ஒடிக்கவும் வேண்டாம், தடவினாலே போதும். உள்ளங்கையின் எண்ணெய்ப்பசை கல்லில் படிந்தால் அதன்மேல் புதிய படிவு சரியாக ஒட்டாது. அந்த இடம் அழுக்கேறிக் கறுக்கும். வெளிச்சம் ஓயாமல் பட்டால் பாசி பிடிக்கும்.

மூச்சுக்கூடக் கெடுக்கும் என்பதைப் பழங்கால ஓவியங்கள் கொண்ட பிரான்சின் லாஸ்கோ குகை காட்டியது. 1940இல் கண்டெடுக்கப்பட்டு 1948இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அந்தக் குகைக்குள் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். பதினைந்தே ஆண்டுகளில் ஓவியங்கள்மேல் பச்சைப் பாசியும் வெள்ளைச் சுண்ணப் படிவும் ஏறின. 1963இல் இழுத்து மூடினார்கள். 1983 முதல் வருகிறவர்களுக்குக் காட்டப்படுவது அதன் நகல். பிரான்சு போன்ற பணக்கார நாட்டுக்கே அதுதான் வழியாயிற்று என்றால், நாம் எவ்வளவு முன்யோசனையோடு இருக்க வேண்டும்!

இந்தக் கரைக்கும் ஒரு பாடம் உண்டு. 1905இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு முகாமில் 8 கோடிக்கு மேல் சிப்பி கரையேறியது. அடுத்த ஆண்டே அரசு முத்துப்பார்களை 20 ஆண்டுக்கு ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாயின. தவணை முடியுமுன்பே கம்பனி மூடப்பட்டது. அள்ளியது மட்டுமே காரணமென்று சொல்ல மாட்டோம். சிப்பி தானாகவும் பெருகும், தானாகவும் அழியும். 1925இல் மறுபடி முத்துக் குளித்தார்களே! ஒடிந்த கல்லூசிக்கோ அப்படியொரு மறுவிளைச்சல் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் கிடையாது.

அரிப்பில், கடல் விளிம்பில் நிற்கிற டோரிக் மாளிகையைப் பாருங்கள். ஊரார் அல்லிராணி கோட்டை என்பார்கள். முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் பிரடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்தது. அலை அடியை அரித்து அரித்துச் சுவர்கள் சரிந்து, இன்று எஞ்சியிருப்பது சில துண்டுகள். படம் எடுக்கப் போகிறவர்கள் பலர். தாங்கிப் பிடிக்கப் போன கை காணாது. பார்க்க வருவதும் பாதுகாப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட அருகில் சாட்சி வேண்டாம்.

வவுல்பனேக்கு வரும் ஆட்களைக் குறைத்தால் குகையை நம்பியிருக்கும் ஊரார் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் வழிகாட்டி வேலை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே முறையான பயிற்சியோடும் சம்பளத்தோடும் கிடைக்க வேண்டும் என்கிறோம். வழிகாட்டி இல்லாமல் ஒருவரும் உள்ளே போகக்கூடாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர், ஒரு தடவைக்கு இத்தனை பேர் என்று விஞ்ஞானிகள் அளந்து சொல்லும் கணக்கைத் திணைக்களங்கள் கட்டாயமாக்க வேண்டும். தீப்பந்தம் அறவே கூடாது. சூடேறாத விளக்கு, அதுவும் ஆள் நிற்கும் நேரம் மட்டும். வௌவால் குட்டி ஈனும் மாதங்களில் அவை தங்கும் பகுதியை மூடிவிட வேண்டும். சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு குகைக்கே திரும்ப வேண்டும்.

முசலிப் பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுலா பஸ் புறப்படுவதற்கு முன் பிள்ளைகளிடம் கல்லைத் தொடாதே என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். வீட்டுக் கேத்தலைக் கொண்டுவரச் சொல்லி, அந்த வெள்ளைப் படையைக் காட்டி, ஏன் தொடக்கூடாது என்பதையும் சொல்லிக் கூட்டிப் போங்கள்.