எவர் கண்ணுக்குக் குறை?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, முன்னர் என்னிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் கற்ற மாணவி ஒருத்தி தன் தாயாருடன் வெள்ளவத்தையிலுள்ள எம் இல்லத்திற்கு வந்திருந்தாள். மேலுதடு பிளவுபட்டுப் பிறந்த பிள்ளை அவள். குழந்தைப் பருவத்திலேயே சத்திரசிகிச்சை செய்து உதட்டைப் பொருத்திவிட்டார்கள்; மூக்கின் அடியிலிருந்து இறங்கும் மெல்லிய வடு ஒன்றே எஞ்சியிருக்கின்றது. ஈராண்டுகள் அவளுக்குப் பாடஞ் சொன்ன எனக்கு அந்த வடு நினைவில் நிற்கவில்லை. விவாத மேடையிலே எதிரணியினரைத் திணறடித்த அவளது குரலே நிற்கின்றது.

இப்பொழுது கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வருகின்றார்களாம். படம் அனுப்புமுன்னர் அந்த வடுவை நீக்கி, அத்தோடு மூக்கையும் சற்றே எடுப்பாக்கிவிட்டால் நல்லது என்று உறவினர் கூறுகின்றனராம். "சேர், செய்தால் பிழையோ?" என்று அவள் கேட்டாள். தாயார் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடனே விடை வரவில்லை.

"மெய் இறைவன் தந்தது, அதிற் கைவைத்தல் பாவம்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். எம்மவருட் பெரியோர் பலர் அவ்வாறே சொல்வர். ஆனால் அதே பெரியோர்தாம், வாய் பேசாத குழந்தையை மடியில் இருத்தி, அது வீறிட்டலற அலறக் காது குத்துவிக்கின்றனர். இறைவன் தந்த காதிலே துளை இருக்கவில்லையே!

சுசுருத சங்கிதை என்னும் வடமொழி மருத்துவ நூலைப் புரட்டினால் இன்னும் வியப்பு உண்டாகும். காது குத்தும் முறையை விரித்துரைக்கும் அதே அத்தியாயத்திலேதான், கிழிந்துபோன காதுமடலைப் பொருத்தும் 15 முறைகளும், அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலைக் கொண்டு புதிதாக அமைக்கும் முறையும் கூறப்படுகின்றன. அணிகலனுக்காகத் துளைப்பதும் ஊனத்தைச் சீர்செய்வதும் அம்முன்னோருக்கு அயலயல் வீட்டுக் காரியங்களாகவே இருந்தன. மருத்துவம் ஒருபுறம், அலங்காரம் மறுபுறம் என்று நாம் கோடு கிழித்துவிட்டால் வழக்குத் தீர்ந்துவிடும் என எண்ணுகின்றோம். கோடு அவ்வளவு நேராக இல்லை.

மூக்குச் சிகிச்சையின் வரலாற்றிலே கோவாசுஜி என்பவரின் பெயர் நிலைத்திருக்கின்றது. ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர் அவர். 1792 இல் முடிவுற்ற மைசூர்ப் போரிலே திப்பு சுல்தானின் படையினரிடம் அகப்பட்டு, மூக்கும் ஒரு கையும் அறுபட்டு மீண்டார். ஏறக்குறைய ஓராண்டு கழித்து, பூனாவுக்கு அண்மையிலே, செங்கல் செய்வோர் குலத்தவர் ஒருவர் அவருக்குப் புது மூக்கு அமைத்துக் கொடுத்தார். மெழுகினால் மூக்கின் அச்சை எடுத்து, அதைத் தட்டையாக்கி நெற்றியிலே வைத்து வரைந்து, அவ்வளவு தோலை உரித்து, புருவங்களின் நடுவே ஒரு சிறு தொடுப்பை மட்டும் அறாமல் விட்டு, கீழே திருப்பிப் பொருத்தினார். ஆங்கில வைத்தியர் இருவர் கண்டு வியந்த இச்செய்தியை 1794 ஒக்டோபரிலே இலண்டன் 'ஜென்டில்மன்ஸ் மகசீன்' படத்துடன் வெளியிட்டது. அதனை ஆராய்ந்த ஜோசப் கார்ப்பியூ என்னும் சத்திரவைத்தியர், 1814 இல் அம்முறையை இலண்டனிலே கையாண்டு, 1816 இல் நூலும் எழுதினார். மேல்நாட்டுக் கலை என்று நாம் இன்று அண்ணாந்து பார்ப்பதன் வேர்களுள் ஒன்று, பெயர்கூடப் பதிவாகாத ஒரு செங்கற்காரரின் கைப்பழக்கம்.

இதனைப் படித்தபொழுது என்னைத் தைத்தது வேறொன்று. கையை இழந்த வண்டிக்காரருக்குத் தொழிலே இடர்ப்படும். மூக்கை இழந்தவரோ எவ்வாறாயினும் மூச்சு விடுவார், உண்பார், உறங்குவார். இருந்தும், அவர் நெற்றித் தோலை உரிக்கக் கொடுத்துத் தேடியது மூக்கைத்தான். மானம் இழந்தவனை 'மூக்கறுபட்டான்' என்று சொல்லும் மொழியிலே பிறந்த நமக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. நாலுபேர் நடுவே தலைநிமிர்ந்து இருப்பதற்காகவே அவர் அந்த நோவைப் பொறுத்தார். ஆகவே, பிறர் கண்ணுக்காக உடலைத் திருத்துவது இழிவு என்று நான் எந்த வாயாற் சொல்வேன்?

ஆனால் பிறர் கண் நிலையானதும் அன்று. நெல்லைச் சீமையிலே முன்னாளிற் பெண் குழந்தைகளின் காதைத் துளைத்து, பாரத்தை ஏற்றி ஏற்றித் தோள்வரை வளர்ப்பார்கள். பாம்படமும் தண்டட்டியும் ஆடும் அந்த நீண்ட காதே அக்காலத்து அழகு. காலம் மாறிற்று. அதே காது பட்டிக்காட்டு அடையாளம் ஆயிற்று. பெண்கள் பலர் தொங்கிய மடலை வெட்டித் தைத்துக்கொண்டனர். ஒரு காது, இரண்டு நோவு. முன்னையது பாட்டியின் கண்ணுக்காக, பின்னையது பேத்தியின் கண்ணுக்காக. இன்று எடுப்பான மூக்கை வேண்டுவோர் இன்னும் முப்பது ஆண்டுகளில் எதனை வேண்டுவார்களோ, யார் கண்டார்?

ஆபத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2016 இல் சென்னையிலே தலையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட இளைஞர் ஒருவர் உயிர் துறந்தார். அவர் மருத்துவ மாணவர். கத்தியின் இயல்பை அறியாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. வழுக்கையைப் பற்றி நாம் விடும் பகிடிகள் எத்தகையவரையும் கத்திக்குக் கீழே கொண்டுபோய் இருத்திவிடும் என்பதே அச்செய்தியைப் படித்த அன்று எனக்குத் தோன்றியது.

உறவினரைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் என் தமையனாரின் மகளுக்கு மணமகன் தேடிப் பத்திரிகை விளம்பரம் எழுதிக் கொடுத்தவன் நானே. பிள்ளை நல்ல கறுப்பு, களையான முகம். நான் எழுதியதோ 'சிவந்த நிறம்'. எல்லோரும் அவ்வாறுதானே போடுகின்றார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக் கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையைக் கையிலெடுத்த பிள்ளை அதை இருமுறை வாசித்துவிட்டு, "சித்தப்பா, இது ஆர்?" என்று கேட்டாள். கோபித்திருந்தாற் பரவாயில்லை. அவள் உண்மையாகவே அறிய விரும்பியவள் போலக் கேட்டாள். எந்தச் சத்திரவைத்தியரின் உதவியும் இன்றி, ஒரு பேனாவினாலே அந்தப் பிள்ளையின் தோலை நான் உரித்திருந்தேன்.

இந்த நினைவு வந்த பின்னரே மாணவிக்கு ஏதும் சொல்லத் துணிந்தேன். அறிவுரையாக அன்று, ஒரு வினாவாகவே கேட்டேன். "வடுவும் மூக்கும் என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்கின்றாய். இரண்டும் உனக்கு ஒன்றுதானா?"

அவள் சிறிது நேரம் யோசித்தாள். "இல்லை சேர். ஐந்தாம் வகுப்பிலே ஒரு பிள்ளை பட்டம் சொல்லிக் கூப்பிட்ட நாளிலிருந்து இந்த வடு எனக்குத் தெரியும். கலியாணம் இல்லாவிட்டாலும் ஒருநாள் டொக்டரிடம் காட்டத்தான் இருந்தேன். மூக்கைப் பற்றி, மாமா சொல்லும்வரை நான் நினைத்ததேயில்லை."

"அப்படியானால் வடுவை டொக்டரிடம் காட்டு. எவ்வளவு குறையும், எவ்வளவு எஞ்சும் என்று முதலிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள். மூக்கைப் பற்றிய பேச்சு மாமாவுடையது, அதற்கு அவரே மருந்து பார்க்கட்டும்" என்றேன். பிள்ளை வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கும்பொழுது அந்த வடு சற்றே மேலே இழுபடுகின்றது என்பதை அன்றுதான் முதன்முறையாகக் கவனித்தேன்.

தாயார் மட்டும் சிரிக்கவில்லை. என் மனைவி கொண்டுவந்து வைத்த தேநீரைத் தொடாமலே, "அப்ப, படத்தை எப்ப சேர் அனுப்புறது?" என்று கேட்டார்.