ஒரு படம் போதாது

டெல்லி ஜனக்புரியில் மத்திய ஆயுர்வேத அறிவியல் ஆராய்ச்சி மன்றத்தின் தலைமையகம் அமைந்துள்ளது. 1978-ல் நிறுவப்பெற்று, 2010 வரை சித்த மருத்துவ ஆராய்ச்சியையும் கவனித்துவந்த இம்மன்றத்தின் பணிகளுள் மூலிகைச் சரக்குகளின் தர நிர்ணயமும் ஒன்றாகும். அசோகப் பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கப் பட்டை சந்தைக்கு வருவது நாடறிந்த குறை. இடித்துத் தூளாக்கியபின் வெறுங்கண் ஏமாறும்; நுண்ணோக்கியின் துணை வேண்டும்.

ஆயினும் நுண்ணோக்கியில் எடுத்த படம் ஒன்றே ஒன்றாயின் அதுவும் ஏமாற்றக்கூடும். 40 மடங்கு பெருக்கும் வில்லையில் ஒரு சமயத்தில் தெளிவாகத் தெரியும் தடிப்பு ஏறத்தாழ 1 மைக்ரானே. தூளின் துணுக்கோ பல பத்து மைக்ரான் தடிப்புடையது. மேலே கற்செல்லின் சுவர் தெளிந்தால் கீழேயுள்ள படிகம் மங்கும். படத்தில் காணாததைச் சரக்கிலேயே இல்லையென முடிவு செய்தல் பிழை.

ஆகவே நுண்திருகைச் சம அளவில் திருப்பி, மேலிருந்து கீழாக வரிசையாகப் படமெடுத்தலே முறை. இடைவெளி அத்தெளிவுத் தடிப்பை மிஞ்சலாகாது. கணிப்பொறி அவற்றின் தெளிந்த பகுதிகளைத் திரட்டி ஒரே படமாக்கித் தரும். அது கண்ணுக்கு இனியது. எனினும் வெவ்வேறு ஆழத்தில் உள்ளவற்றை ஒரே தளத்தில் உள்ளன போலக் காட்டும். சில வேளை இல்லாத விளிம்பையும் தோற்றுவிக்கும். எனவே தொகுப்புடன் மூலப் படங்களையும், இடைவெளிக் குறிப்பையும் பாதுகாத்தல் இன்றியமையாதது.

படக்கருவி இல்லாத பள்ளியிலும் இப்பயிற்சி இயலும். மாணவர் திருகைத் திருப்பி, மூன்று தளங்களை மூன்று படங்களாக வரைந்தால் போதும். ஒரு படத்தை நம்பிச் சான்றளிக்கும் பழக்கம் ஒழிந்தால், நோயாளிக்கு உரிய பட்டை சேர்வதற்குள்ள தடைகளில் ஒன்று நீங்கும்.