குடிகாரன் என்று தீர்ப்புச் சொல்லுமுன்!

வயல் வேலை செய்யும் பெண்ணுக்குக் கண் மஞ்சளாகிறது. உடம்பு சோர்கிறது, சோறு இறங்கவில்லை. கீழாநெல்லியை அரைத்துக் குடிக்கிறாள். குறைந்தது போல் தெரிகிறது, மறுபடி வருகிறது. மில் தொழிலாளிக்கு வந்தாலோ, "குடித்திருப்பான்" என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது! சாராயத்தைத் தொடாதவனும் அந்தப் பழியைச் சுமக்கிறான்.

குடி ஈரலைக் கெடுக்கும். அதை நாம் மறைக்கவில்லை. காமாலைக் கிருமிகளும் கெடுக்கும். மூன்றாவது ஒன்றும் உண்டு. கிருமியோடு போராட வேண்டிய உடம்பின் காவல் சக்தி, வழி தவறிச் சொந்த ஈரலையே தாக்குகிறது. இது பெண்களுக்கே அதிகம் வருகிறது. கவனிக்காமல் விட்டால் ஈரல் சுருங்கும், வயிற்றில் நீர் கட்டும், உயிரே போகும்.

இதைக் கண்டறிய ரத்தப் பரிசோதனை உண்டு. 1965-ல் லண்டனில் டெபோரா டோனியாக், ஷீலா ஷெர்லாக் என்ற பெண் டாக்டர்களும் அவர்களது சகாக்களும், பித்தக் குழாய்களை அரிக்கும் ஈரல் நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு தனி எதிர்ப்பொருளைக் கண்டார்கள். அந்த நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேரிடம் அது இருக்கிறது. ஈரலையே நேராகத் தாக்கும் நோய்க்கும் வேறு எதிர்ப்பொருள்கள் உண்டு.

சோதனை எப்படி? ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை, எலியின் ஈரல், சிறுநீரகம், இரைப்பை ஆகியவற்றின் மெல்லிய சீவல்கள்மேல் விடுகிறார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒளிரும் சாயம் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பச்சையாகச் சுடர்விடும்.

இது ஒன்றே முடிவல்ல. நல்ல உடம்புக்காரர் ரத்தத்திலும் சில சமயம் எதிர்ப்பொருள் தென்படும். நோயாளியிடம் இல்லாமலும் போகும். கிருமிச் சோதனை, ஊசியால் எடுத்த ஈரல் துணுக்கு எல்லாம் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்ல வேண்டும்.

கண்டுபிடித்துவிட்டால் வைத்தியம் உண்டு. ஈரலை நேராகத் தாக்கும் நோயில் ப்ரெட்னிசலோன் மாத்திரை உயிரைக் காக்கிறது என்று 1971-லேயே லண்டன் டாக்டர்கள் சோதித்துக் காட்டினார்கள். டாக்டர் சொல்லாமல் அதைத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

மாத்திரை பழையது, விலையும் அதிகமில்லை. அப்படியானால் தடை எங்கே? சோதனையில்தான்! தனியார் ஆய்வுக்கூடம் கேட்கும் பணம் கூலிக்காரியின் பல நாள் கூலி. மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, வயல் தொழிலாளிக்கு அதுவும் இல்லை.

நாம் கேட்பது பெரிய விஷயமல்ல. நோயாளி பட்டணத்துக்கு அலைய வேண்டாம். ரத்தம் போனால் போதும். தாலுகா ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, இலவசமாகச் சோதித்து, முடிவைத் திருப்பி அனுப்ப சர்க்கார் ஏற்பாடு செய்யட்டும்!

தோழர்களே! காமாலை மாதக்கணக்கில் விடாவிட்டால், திரும்பத் திரும்ப வந்தால், வீட்டில் முடங்கிக் கிடக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "குடித்தாயா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அதோடு நில்லாமல், "வேறு காரணம் இருக்குமா, பாருங்கள்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.