துப்பாக்கிக்கு மட்டும் ஏன் ஃப்ரீ சைஸ்?

வீரபாண்டி பிரிவில் இறங்கி எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு பனியன் கம்பெனி இருக்கும். அங்கே செக்கிங் டேபிளில் நிற்கும் ஒரு அக்காவிடம் டி-ஷர்ட்டைக் கொடுத்துப் பாருங்கள். டேப்பை எடுத்து நெஞ்சு, உயரம், தோள், கை என்று அளந்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அளவு சார்ட்டில் சொன்னதை விட ஒரு சென்டிமீட்டர் கூடினாலே முகம் சுருங்கும். பையர் ஒத்துக்க மாட்டான், ரிஜெக்ட். கட்டிங் மாஸ்டருக்கு டோஸ். எக்ஸ்எஸ் போடுகிறவனுக்கு எக்ஸ்எல் கொடுத்துவிட்டு "போட்டுப் பழகு, சரியாயிடும்" என்று சொல்கிற கம்பெனி மறுமாதம் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

அதே ஊரில் இருந்து ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் என்.சி.சி. கேம்ப்புக்குப் போகிறாள். ஃபயரிங் அன்று கையில் ஒரு ரைபிளைக் கொடுக்கிறார்கள். அடிக்கட்டை தோளைத் தாண்டி நிற்கிறது. ட்ரிக்கரைத் தொட விரல் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கன்னம் கட்டையில் படியவில்லை, கண்ணுக்கு முன்குறி சரியாகத் தெரியவில்லை. ஐந்து குண்டில் ஒன்று கூட தாளில் படவில்லை. உடனே தீர்ப்பு: "பொண்ணுங்களுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது."

யாருக்கு எது சரிப்படவில்லை? பெண்ணுக்குத் துப்பாக்கியா, துப்பாக்கிக்குப் பெண்ணா? டி-ஷர்ட் பொருந்தவில்லை என்றால் டி-ஷர்ட்டின் குற்றம். துப்பாக்கி பொருந்தவில்லை என்றால் மட்டும் தோளின் குற்றமா? என்ன நியாயம் இது?

வெள்ளைக்காரனின் சைஸ் லேபிள்

"ராணுவத் துப்பாக்கி என்றால் எல்லாருக்கும் ஒரே அளவுதான்" என்று விஷயம் தெரிந்தவர் மாதிரி சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய செய்தி. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையும் இந்தியச் சிப்பாய்களும் தூக்கிய .303 லீ-என்ஃபீல்டு ரைபிளின் அடிக்கட்டை ஒரே அளவில் வரவில்லை. சாதாரண அளவு ஒன்று, அதைவிட அரை அங்குலம் நீளமானது ஒன்று, அரை அங்குலம் குட்டையானது ஒன்று. எல், எஸ் என்று கட்டையின் மேலேயே எழுத்து பொறித்திருப்பார்கள். அப்படியே டி-ஷர்ட்டின் கழுத்து லேபிள்!

இதற்கும் கீழே 'பி' என்று இன்னொன்று. பேன்டம், அதாவது குள்ளச் சேவல். 1914-ல் 5 அடி 3 அங்குலத்துக்குக் குறைவான ஆட்களைப் படையில் சேர்க்க மறுத்தபோது, இங்கிலாந்தின் பிர்கன்ஹெட்டில் அப்படிப்பட்டவர்களைக் கொண்டே தனிப் பட்டாலியன்கள் திரட்டினார்கள். பேன்டம் பட்டாலியன்கள் என்று பெயர். ஆளுக்கேற்ற கட்டை வேண்டும் என்பது நூறு வருடத்துக்கு முன்பே, அதுவும் லட்சக்கணக்கில் ரைபிள் செய்த ஒரு படைக்கே தெரிந்திருந்தது.

இன்னும் வேடிக்கை இருக்கிறது. என்.சி.சி.யில் பல காலமாகப் புழங்கும் .22 எண் 2 மார்க் 4 ரைபிள், அதே லீ-என்ஃபீல்டு குடும்பத்தில் பிறந்ததுதான். கிட்டத்தட்ட 4 கிலோ. அளவு பார்த்துக் கட்டை மாட்டிய வம்சத்தின் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டு "ஒரே அளவுதான், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்கிறார்கள். அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

மானும் ரைபிளும்

சின்ன உடம்புக்கு ஏற்ற ரைபிள் எது என்ற கேள்வி அதிகம் அலசப்படுவது மான் வேட்டைக்காரர்கள் நடுவில்தான். அமெரிக்காவில், இங்கிலாந்தில், நியூசிலாந்தில் அது சட்டப்படி நடக்கிற சமாச்சாரம். இங்கே கிடையாது. நீலகிரியில் 1879-லேயே வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் தனிச் சட்டம் போட்டு கட்டுப்பாடு கொண்டு வந்தார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை குற்றம், அவ்வளவுதான். அவினாசி பக்கம் புதுப்பாளையம் வட்டாரத்தில் புள்ளிமான்கள் சுற்றுகின்றன. அவற்றைக் கேமராவால் மட்டும் சுடலாம். அந்தச் சட்டம் நல்ல சட்டம், அதில் இங்கே சண்டை இல்லை.

ஆனால் வேட்டைக்காரர்கள் அடிபட்டுக் கற்ற பாடம் எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும். கல்லூரி மைதானத்துக்கும் பொருந்தும், போலீஸ் பயிற்சிக்கும் பொருந்தும். 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம் என்று அறிவித்தது. அந்த வேலையில் துப்பாக்கி தூக்குகிற ஒவ்வொருவருக்கும் பொருந்தும். குறி தவறினால் தாளில் ஓட்டை விழாது, அவ்வளவுதான் மைதானத்தில். காட்டில் அப்படியில்லை. குடல் கிழிந்த ஒரு விலங்கு இரவெல்லாம் புதருக்குள் கிடந்து சாகும்.

முதல் பொய்: "சின்ன ஆளுக்கு லேசான துப்பாக்கி கொடு"

கேட்பதற்கு எவ்வளவு அன்பாக இருக்கிறது! ஆனால் பிளஸ் ஒன் இயற்பியல் படித்தவன் கூட இதை நம்பக் கூடாது. குண்டு முன்னால் போகிற உந்தத்துக்குச் சமமாக ரைபிள் பின்னால் வரும். ரைபிளின் எடை குறையக் குறைய அது பின்னால் வரும் வேகம் கூடும். உதையின் சக்தியும் அதே கணக்கில் ஏறும்.

.30-06 என்ற பிரபலமான தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 3.5 கிலோ ரைபிளில் அதன் உதை சுமார் 29 ஜூல். அதையே 2.7 கிலோ ரைபிளில் போட்டால் சுமார் 38 ஜூல். "பாவம், சின்னப் பொண்ணு, தூக்கச் சிரமப்படுவா" என்று லேசான துப்பாக்கியைக் கொடுப்பவர், தூக்குகிற சிரமத்தைக் குறைத்துவிட்டு அடியை மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கிறார்.

இந்த அன்பு அரசாங்கத்துக்கும் உண்டு. 2014-ல் கான்பூர் ஃபீல்டு கன் ஃபேக்டரி பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைக் கொண்டு வந்தது. எடை அரைக் கிலோ, டைட்டானியம் கலவை, விலை சுமார் 1.22 லட்சம், நகைப்பெட்டி மாதிரி மெரூன் நிறப் பெட்டி. பெண்களுக்கு என்றதும் தோன்றியது என்ன? எடையைக் குறை, பெட்டியை அழகாக்கு, விலையைக் கூட்டு. .32 சாதுவான தோட்டா என்பதால் பிழைத்தார்கள். மார்க்கெட்டிங் பாடத்தில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும், துப்பாக்கிப் பாடத்தில் கிடைக்காது.

இரண்டாம் பொய்: "பெரிய தோட்டா என்றால்தான் விழும்"

இது ஆம்பிளைத்தனத்தின் பொய். தோள் நீலமாகக் கன்றிப் போனதைக் காட்டிப் பெருமைப்படுகிற கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. தென்னிந்தியக் காடுகளில் சுற்றிய பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் பலமாக உதைக்கும் .405 வின்செஸ்டர் வைத்திருந்தார். உண்மை. அவருடைய உடம்பு தாங்கியது. ஆனால் 1926-ல் ருத்ரபிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையை ஜிம் கார்பெட் வீழ்த்தியது எதனால்? .275 ரிக்பி. சாதுவான தோட்டா. 1907-ல் சம்பாவத் புலியைக் கொன்றதற்குப் பரிசாக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் ஜான் ஹெவெட் கொடுத்த ரைபிள் அது. ஆட்கொல்லிக்கே போதுமானது 60 கிலோ மானுக்குப் போதாதா?

"சின்னத் தோட்டாவால் சுட்டால் விலங்கு காயத்தோடு ஓடிவிடும், அதுதான் கொடுமை" என்பது இவர்களின் கடைசி வாதம். வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. .22 எடுத்துக்கொண்டு மானைச் சுடுவது கொடுமைதான். அதனால்தான் இங்கிலாந்தின் 1991 மான் சட்டம் ஒரு கீழ் எல்லையை வைத்தது. குழல் விட்டம் .240 அங்குலம், குண்டின் சக்தி 1,700 அடி-பவுண்டு. அதற்குக் குறைந்தால் பொதுவாக மானைச் சுடக் கூடாது. .243 வின்செஸ்டர் அந்தக் கோட்டை நன்றாகவே தாண்டுகிறது. அதற்கு மேல் போவது தேவை இல்லை, ஆசை.

ஒரே 3.5 கிலோ ரைபிளில் உதை எவ்வளவு என்று தோராயமாகக் கணக்குப் போட்டால் இப்படி வரும்:

.243 வின்செஸ்டர் - 12 ஜூல்
6.5 க்ரீட்மோர் - 17 ஜூல்
7 எம்எம்-08 - 18 ஜூல்
.308 வின்செஸ்டர் - 21 ஜூல்
.30-06 - 29 ஜூல்
.300 வின்செஸ்டர் மேக்னம் - 40 ஜூல்

மேலே இருக்கும் மூன்றில் எதுவும் மானுக்குப் போதும். சுவீடன்காரர்கள் 1894-ல் வந்த 6.5x55 தோட்டாவை வைத்துக்கொண்டு குதிரை அளவுக்கு இருக்கும் மூஸையே வேட்டையாடுகிறார்கள். கடைசி வரியை ஐந்தடி ஆளுக்குப் பரிந்துரைக்கிற கடைக்காரரை என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள் :-)

மூன்றாம் பொய்: "சுடச் சுடப் பழகிடும்"

இதுதான் மூன்றிலும் மோசமானது. உதை பழகாது, பயம்தான் பழகும். முதல் இரண்டு அடி வாங்கிய உடம்பு மூன்றாவது முறை ட்ரிக்கரை இழுப்பதற்கு முன்பே சுருங்கும். கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், விரல் வெடுக்கென்று இழுக்கும். குண்டு எங்கேயோ போகும். துப்பாக்கியில் தெரியாமல் வெற்றுத் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தால் இந்த நடுக்கம் அப்பட்டமாகத் தெரியும். வெடிக்கவே இல்லை, ஆனாலும் ஆள் துள்ளுவார். அப்படி ஒருமுறை ஒட்டிக்கொண்ட பயத்தைக் கழற்ற மாதக் கணக்கில் .22-ல் சுட்டாக வேண்டும்.

அப்புறம் என்னதான் பார்க்கணும்?

முதலில் கட்டையின் நீளம். ட்ரிக்கரில் இருந்து அடிக்கட்டையின் முடிவு வரை உள்ள தூரம். கடையில் கிடைக்கும் பெரும்பாலான ரைபிள்களில் இது பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும், சராசரி ஆணை மனதில் வைத்துச் செய்தது. சின்ன உடம்புக்குப் பன்னிரண்டில் இருந்து பதின்மூன்றுக்குள் வேண்டும். நீளம் கூடினால் கட்டை தோளின் குழியில் உட்காராமல் கை மேல் நழுவும். உதை எலும்பில் விழும். ஸ்கோப் இருந்தால் அதன் விளிம்பு எட்டிப் பார்க்கிற புருவத்தைக் கிழிக்கும். பலமான உதை என்று பலர் சொல்வதில் பாதி, கட்டை பொருந்தாததால் வருவது.

இதற்கு வைத்தியம் என்று ஒரு அங்குல ரப்பர் பேடை ஒட்டுவார்கள். உதை மெத்தென்று ஆகும், கட்டை இன்னும் ஒரு அங்குலம் நீளும்! முதலில் கட்டையை அறுத்துவிட்டு அப்புறம்தான் பேடு. இடுப்பைப் பிடிக்காமல் உயரத்தை வெட்டினால் சட்டை சரியாகுமா என்று எந்த டெய்லரைக் கேட்டாலும் சொல்வார்.

அடுத்து எடை. ஸ்கோப்போடு மூன்றரைக் கிலோவை ஒட்டி இருந்தால் நல்லது. மலையேறும்போது கனக்கும், சுடும்போது காப்பாற்றும். குழல் நுனியில் மாட்டும் பிரேக் உதையைக் குறைக்கும், ஆனால் சத்தத்தைக் காதுப் பக்கம் திருப்பி விடும். தோளைக் காப்பாற்றிக் காதைக் கொடுக்கிற வியாபாரம் அது.

பொருத்தம் பார்ப்பது பலவீனர்களின் வேலை என்று இன்னும் நினைப்பவர்கள் விளையாட்டுத் துப்பாக்கியைப் பார்க்கட்டும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். அந்தப் பிரிவின் ரைபிள்களில் கன்னம் படும் இடம், தோளில் படும் தட்டு, கட்டையின் நீளம் எல்லாமே ஸ்க்ரூவைத் திருகி மில்லிமீட்டர் கணக்கில் மாற்றிக்கொள்வதற்காகவே செய்யப்பட்டவை. உலகத்தரத்தில் சுடுகிறவர்களே துப்பாக்கியைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கிறார்கள். முதல் முறை சுடுகிற பிள்ளையை மட்டும் துப்பாக்கிக்கு ஏற்றபடி மாறச் சொல்கிறோம்.

ஒரு சென்டிமீட்டர் நியாயம்

தமிழகக் காவலர் தேர்வில் பொதுப் பிரிவு ஆணுக்கு 170 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 159 சென்டிமீட்டர் உயரம் கேட்கிறார்கள். 11 சென்டிமீட்டர் வித்தியாசம் உண்டு என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. உயரம் குறைந்தால் கை நீளமும் குறையும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம், ஒரு அளவு சார்ட் போதும். ஆளை எடுக்கும்போது தெரிகிற அந்த 11 சென்டிமீட்டர், துப்பாக்கியைக் கொடுக்கும்போது மட்டும் எங்கே போகிறது?

செலவு அதிகம் என்று யாரும் சொல்ல வேண்டாம். புது ரைபிள் கேட்கவில்லை. நாலைந்து குட்டைக் கட்டைகள், ஒரு ஸ்க்ரூ டிரைவர், கேடட்டின் கையை அளக்க ஒரு டேப். டேப் இல்லையென்றால் வீரபாண்டிக்கு வரட்டும், எந்த செக்கிங் டேபிளிலும் கிடைக்கும்.

அரை அங்குலம் தப்பினால் பத்தாயிரம் பீஸைத் திருப்பி அனுப்புகிற ஊர் இது. அந்த ஊரின் பெண்ணை, அரை அங்குலக் கட்டைக்காக "உனக்கு வராது" என்று திருப்பி அனுப்பாதீர்கள். ரிஜெக்ட் செய்ய வேண்டியது அவளை அல்ல.