ஊரின் குரல் ஓய்ந்துவிடலாகாது

பிரித்தானிய நகரங்களில் உள்ளூர் வானொலி நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தம் சொந்தக் குரலை இழந்து வருகின்றன. அலைவரிசை பழைய இடத்திலேயே இருக்கிறது. பாடல்களுக்கும் விளம்பரங்களுக்கும் குறைவில்லை. ஆனால், காலை வணக்கம் கூறும் அறிவிப்பாளர் அந்த நகரத்தில் இருப்பதில்லை. பெரும்பாலும் லண்டனில் இருக்கிறார். அந்நகரத்தின் தெருக்களை அவர் அறியார். அங்கு நேற்று நடந்தது என்ன என்பதையும் அறியார்.

இது இந்நாட்டவரின் வீட்டு விவகாரம். அடைக்கலம் தேடி வந்த நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நம்மவர் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தவறானது. உள்ளூர் வானொலி நலிவடையும்போது முதலில் இழப்பவர்கள் அந்த ஊருக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர்களே. இதற்கு வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. அதனைக் கூறுமுன், இசைத்தட்டு அறிவிப்பாளர் என்பவர் யார் என்பதைச் சற்று நினைவுகூர்தல் நன்று.

ஆங்கிலத்தில் இவரை 'டிஸ்க் ஜொக்கி' என்பர்; சுருக்கமாக 'டி.ஜே.' இச்சொல் அமெரிக்காவில் பிறந்தது. குதிரைப் பந்தயத்தில் குதிரையைச் செலுத்துபவரின் பெயரை இசைத்தட்டோடு இணைத்து உருவாக்கப்பட்டது. பிரித்தானியாவில் இத்தொழில் எளிதில் வேரூன்றவில்லை. நாட்டிற்குள் ஒலிபரப்பும் உரிமை நெடுங்காலம் பி.பி.சி.யிடம் மட்டுமே இருந்தது. நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் இசைத்தட்டு ஒலிக்கலாம் என்பதற்கும் ஒப்பந்த வரம்பு இருந்தது. அவ்வரம்பு 1988ஆம் ஆண்டில்தான் முற்றாக நீங்கியது. இந்நிலையில், 1964ஆம் ஆண்டு ஈஸ்டர் வார இறுதியில் 'ரேடியோ கரோலைன்' நடுக்கடலில் நின்ற கப்பலொன்றிலிருந்து பாடத் தொடங்கியது. வேறு கப்பல்களும் தொடர்ந்தன. 1967ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம் இக்கடல் வானொலிகளைக் குற்றமாக்கியது. ஆனால், அவை வளர்த்த அறிவிப்பாளர்களைச் சட்டத்தால் ஒதுக்கிவிட முடியவில்லை. அதே ஆண்டு செப்ரெம்பர் 30ஆம் திகதி பி.பி.சி. தொடக்கிய 'ரேடியோ வண்' நிலையத்தின் முதற் குரலாக ஒலித்த ரோனி பிளக்பேர்ண் கப்பல் வானொலியிலிருந்து வந்தவரே. ஜோன் பீலும் அவ்வாறே வந்தார். எவரும் கேட்டிராத இளங்கலைஞர்களின் இசையைத் தாமே தேடிக் கேட்டு, தம் சொந்தத் தெரிவில் 2004இல் மறையும் வரை ஒலிக்கச் செய்தார். அறிவிப்பாளருக்குத் தெரிவு செய்யும் உரிமை இருந்த காலம் அது.

நாம் இதற்கு அந்நியரல்லர். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மட்டுமன்றி, கடல் கடந்து தமிழகத்திலும் வீடுதோறும் கேட்டனர். காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஒலித்தால் பாடசாலைக்குப் புறப்படும் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். திரைப்பாடலுக்கு இணையான அக்கறையோடு மரண அறிவித்தலுக்கும் காது கொடுத்த மக்கள் நாம். வானொலியில் வரும் பாட்டை விட, அதனை நமக்குத் தருகின்ற மனிதரே முக்கியமானவர் என்பதை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

பி.பி.சி.யின் முதலாவது உள்ளூர் வானொலி 1967ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி லெஸ்ரர் நகரில் தொடங்கியது. வர்த்தக வானொலிகள் 1973ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வந்தன. லண்டனில் முதலில் எல்.பி.சி.யும் எட்டு நாள்களின் பின் 'கபிட்டல்' வானொலியும் ஒலித்தன. பொது நிறுவனமாயினும் வர்த்தக நிறுவனமாயினும், ஊரின் செய்தியை ஊரிலிருந்தே கூற வேண்டும் என்பதே அக்காலத்தின் எதிர்பார்ப்பாக இருந்தது.

லெஸ்ரர் நகரின் கதை நாம் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய கதை. 1972ஆம் ஆண்டு உகண்டாவின் இடி அமீன் அந்நாட்டு ஆசியர்களைத் தொண்ணூறு நாள்களுக்குள் வெளியேறுமாறு கட்டளையிட்டார். அவர்களுள் ஏறத்தாழ 28,000 பேர் பிரித்தானியா வந்தடைந்தனர். பலருடைய உறவினர் லெஸ்ரரில் இருந்தனர். அந்நகரசபையோ, எங்கள் ஊருக்கு வரவேண்டாம் என்ற கருத்துப்பட உகண்டாப் பத்திரிகையிலேயே விளம்பரம் செய்தது. அதையும் மீறி மக்கள் வந்தனர். 1976ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில், வந்தவர்களைத் திருப்பி அனுப்பக் கோரிய தேசிய முன்னணிக்கு அந்நகரில் ஏறத்தாழ 18 வீத வாக்குகள் விழுந்தன. அச்சம் இரு பக்கத்திலும் இருந்தது.

அந்தச் சூழலில்தான், எழுபதுகளின் பிற்பாதியில், லெஸ்ரர் உள்ளூர் வானொலி ஒரு முடிவை எடுத்தது. நகரின் ஆசிய மக்களுக்கென மாலை ஆறு மணிக்கு நாள்தோறும் ஒரு நிகழ்ச்சியை ஆரம்பித்தது. 'ஆறு மணி நிகழ்ச்சி' என்பதே அதன் பெயர். அம்மக்களின் பாடல் அதில் ஒலித்தது; அவர்களுடைய செய்தியும் ஒலித்தது. வரவேண்டாம் எனப்பட்டவர்களின் குரல், அந்நகரத்தின் வானொலியில், அந்நகரத்தின் குரலாகவே கேட்டது. நிகழ்ச்சி வளர்ந்தது. 1988இல் லெஸ்ரரையும் பேர்மிங்காமையும் இணைத்து 'ஏசியன் நெற்வேர்க்' என்ற தனிச் சேவையாகியது. 2002இல் நாடு முழுவதற்கும் உரிய எண்ணிம வானொலியாகியது. இவ்வளவுக்கும் வித்து, ஓர் உள்ளூர் நிலையம் தன் கையிலிருந்த நேரத்தில் ஒரு பகுதியைத் தன் புதிய அயலவருக்குக் கொடுத்ததே.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். 1990ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. சிறிய நிலையங்களைப் பெரிய நிறுவனங்கள் வாங்கின. பெரிய நிறுவனங்களை மேலும் பெரியவை வாங்கின. 2018ஆம் ஆண்டு, ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்கொம், நாள் முழுதும் உள்ளூர்ச் செய்தி வழங்கும் பண்பலை நிலையங்கள் ஊரிலிருந்து ஒலிபரப்ப வேண்டிய நேரத்தை ஏழு மணித்தியாலங்களிலிருந்து மூன்றாகக் குறைத்தது. விளைவு உடனே தெரிந்தது. 2019இல் குளோபல் நிறுவனம் 'கபிட்டல்', 'ஹார்ட்' முதலிய வானொலிகளின் உள்ளூர்க் காலை நிகழ்ச்சிகளை நிறுத்தி, நாடு முழுவதற்கும் லண்டனிலிருந்து ஒரே நிகழ்ச்சியை வழங்கியது. 2020இல் பாவர் நிறுவனம் ஏறத்தாழ ஐம்பது நிலையங்களின் பழைய பெயர்களை நீக்கி, அவற்றை ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தது. 2024ஆம் ஆண்டின் ஊடகச் சட்டமோ, உள்ளூர்ச் செய்தி வழங்கும் கடமையைத் தக்கவைத்துக்கொண்டு, ஊரிலிருந்து நிகழ்ச்சி தயாரிக்கும் கடமையைக் கைவிட்டது.

அறிவிப்பாளரின் தொழிலும் உருமாறியது. எந்தப் பாடலை எப்போது ஒலிக்க வேண்டும் என்பதைக் கணினி வகுத்துத் தருகிறது. அறிவிப்பாளர் தம் பேச்சுத் துண்டுகளை முன்கூட்டியே பதிவு செய்து வைக்கிறார். கணினி அவற்றைப் பாடல்களுக்கிடையே பொருத்துகிறது. ஒருவர் ஒரே அமர்வில் பல நகரங்களுக்குப் பேசிவிடலாம். கேட்பவருக்கு அவர் நேரடியாக உரையாடுவது போலவே தோன்றும். தொலைபேசியில் அழைத்தால் மட்டும் மறுமுனையில் எவரும் இரார். 2023ஆம் ஆண்டு ஸ்பொட்டிஃபை நிறுவனம் செயற்கை நுண்ணறிவுக் குரலொன்றை அறிமுகப்படுத்தி, அதற்கு 'டி.ஜே.' என்றே பெயர் சூட்டியது. நேயரின் விருப்பம் அதற்குத் தெரியும். நேயரின் தெரு அதற்குத் தெரியாது.

வர்த்தகர் இலாபம் தேடுவதில் வியப்பில்லை. பொதுமக்கள் கட்டணத்தில் இயங்கும் பி.பி.சி.யும் அவ்வழியே சென்றதுதான் வருந்தத்தக்கது. 2022ஆம் ஆண்டு செப்ரெம்பர் 29ஆம் திகதி, அன்றைய பிரதமர் லிஸ் ட்ரஸ் எட்டு உள்ளூர் வானொலிகளுக்கு அடுத்தடுத்துப் பேட்டியளித்தார். ஊர் மக்களின் வீட்டுக்கடன் பற்றியும் எரிசக்திக் கட்டணம் பற்றியும் அந்த அறிவிப்பாளர்கள் தொடுத்த கேள்விகளுக்கு விடை கூற அவர் தடுமாறியதை நாடே கேட்டது. உள்ளூர் வானொலியின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால், ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின் வெளிவந்த அறிவிப்பு என்ன? இங்கிலாந்தின் 39 உள்ளூர் நிலையங்களும் வார நாள்களில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் அயல் நிலையங்களோடு நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே. ஊழியர்கள் 2023ஆம் ஆண்டு மார்ச்சிலும் ஜூனிலும் வேலைநிறுத்தம் செய்தனர். திட்டம் நிறைவேறியே விட்டது.

இங்கே வாசகர்கள் ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டும். நாளை ஏதேனும் ஒரு நாட்டிலிருந்து விரட்டப்பட்ட மக்கள் ஒரு சிறிய ஆங்கில நகரத்தில் வந்து இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கும் ஊராருக்குமிடையே அச்சம் தலைதூக்குகிறது. லெஸ்ரரில் செய்தது போல் அவர்களுக்கொரு மாலை நேரம் ஒதுக்க அந்நகர வானொலி விரும்பினாலும், மாலை ஆறு மணி இப்போது அந்நிலையத்திற்கு மட்டும் உரியதன்று. அந்த நேரம் பல மாவட்டங்களுக்குப் பொதுவானது. எல்லோருக்கும் பொதுவான நேரத்தில் எவருடைய தெருவைப் பற்றிப் பேசுவது?

மறுபக்க நியாயத்தையும் கூறுவது கடமை. இளைஞர் வானொலிப் பெட்டியை விட்டுக் கைத்தொலைபேசிக்குச் சென்றுவிட்டனர். விளம்பர வருமானம் சிதறிவிட்டது. பி.பி.சி.யின் கட்டணம் இரண்டு ஆண்டுகள் உயர்த்தப்படாமலே இருந்தது. சில நிலையங்களை இணைக்காவிடின் அவை மூடப்பட்டிருக்கும் என்று கூறுவதிலும் உண்மை இருக்கலாம். ஆயினும், சிக்கனத்தின் பெயரால் முதலில் வெட்டப்படுவது எது என்பதே கேள்வி. கட்டிடமும் நிர்வாகமும் எஞ்சி, ஊரறிந்த குரல் நீக்கப்படுமானால் அது சிக்கனமாகாது. வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் ஊற்றுவதாகவே அமையும்.

இடர்க் காலத்தில்தான் இக்குரலின் மதிப்பு விளங்குகிறது. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் கார்லைல் நகரம் வெள்ளத்தில் மூழ்கி மின்சாரம் தடைப்பட்டபோது, கம்பிரியா வானொலி மக்களுக்கு வழிகாட்டியது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று வீடுகளை அடைத்தபோது, மருந்து வாங்கித் தர ஆளில்லாத முதியவரையும் உதவத் தயாராயிருந்த அயலவரையும் இணைத்தவை உள்ளூர் வானொலிகளே. தொலைவிலிருந்து வரும் பதிவு செய்யப்பட்ட குரலால் இதனைச் செய்ய இயலாது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2004ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இலாப நோக்கற்ற சமூக வானொலிகளுக்கு வழிவகுத்தது. இன்று அவ்வாறானவை முந்நூறுக்கும் மேல் இந்நாட்டில் இயங்குகின்றன. பெரும்பாலும் தொண்டர்களின் உழைப்பிலேயே அவை நிற்கின்றன. பெரிய நிறுவனங்கள் விட்டுச்சென்ற இடத்தை அவை இயன்ற அளவு நிரப்புகின்றன. தத்தம் ஊரின் சமூக வானொலியில் நம்மவர் எத்தனை பேர் பங்குபற்றுகின்றனர்? வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் கொடுக்கக்கூடிய நிலையங்கள் இருக்கின்றன. கேட்பதற்குத்தான் ஆளில்லை. நம் பிள்ளைகளுள் ஆங்கிலமும் தமிழும் கைவரப்பெற்றவர்கள் பலர். அவர்கள் அந்த ஒலிவாங்கியின் முன் அமர்ந்தால், அயலவர் நம்மைப் பற்றிப் பிறர் கூறக் கேட்கும் நிலை மாறி, நாம் கூறவே கேட்பர்.

நம் சொந்த வானொலிகளைப் பற்றியும் ஒரு சொல். லண்டனில் 1997இல் ஐ.பி.சி. தமிழ் வானொலி தொடங்கியதும், ரொறொன்ரோவிலும் ஐரோப்பிய நகரங்களிலும் தமிழ்க் குரல்கள் எழுந்ததும் நம் வரலாற்றின் பெருமைக்குரிய பக்கங்கள். போர் நடந்த நாள்களில் ஊரின் செய்திக்காக நள்ளிரவிலும் வானொலியருகே காத்திருந்தோம். குடிவரவுச் சட்டத்தைத் தமிழில் கேட்டறிந்தோம். நேயர் அழைத்தார், அறிவிப்பாளர் பெயர் சொல்லி நலம் விசாரித்தார். தனி அறையில் வாழ்ந்த முதியவருக்கு நாள் முழுவதிலும் கேட்ட ஒரே தமிழ்க் குரல் அதுவாக இருந்ததும் உண்டு.

இன்று நம் நிலையங்களுக்கும் அதே சோதனை நேர்ந்திருக்கிறது. கணினியில் பாடல்களை அடுக்கிவிட்டு அறையைப் பூட்டிச் செல்வது மலிவானது, எளிதானது. ஆனால், இடைவிடாத திரைப்பாடல் எவருடைய கைத்தொலைபேசியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்காக ஒரு தமிழ் வானொலி தேவையில்லை. எந்தத் தொண்டர் அமைப்பு முதியோருக்கு உணவளிக்கிறது, எந்த நாளில் குடிவரவு ஆலோசனை கிடைக்கும், எந்தத் தெருவில் நம் கடை தாக்கப்பட்டது, யார் வீட்டில் துக்கம் என்பவற்றைச் சொல்வதற்கே அது தேவை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது நேரடியாக, மனிதர் ஒருவர், தாம் வாழும் நகரத்தைப் பற்றித் தமிழில் பேசட்டும். நடத்துபவர்கள் இதனைக் கடமையாகக் கொள்ள வேண்டும். கேட்பவர்களும் வெறும் நேயராக இருந்துவிடாமல் சந்தாவாலும் உழைப்பாலும் தாங்க வேண்டும்.

உள்ளூர் நிலையங்களின் உரிமம் பற்றி ஒஃப்கொம் பொதுமக்களின் கருத்தைக் கோரும்போது எழுதுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். வாக்குரிமை இல்லாதவருக்கும் கடிதம் எழுதும் உரிமை உண்டு. லெஸ்ரர் மக்களுக்கு மாலை ஆறு மணியை வழங்கியது ஊரில் வாழ்ந்து ஊரை அறிந்த ஒரு வானொலி நிலையம். அத்தகைய நிலையங்கள் நமக்குப் பின் வருபவர்களுக்கும் எஞ்சியிருக்க வேண்டும்.