வகுப்புக்கு வரட்டும் வெல்லம் காய்ச்சுபவர்

பள்ளிக்கூடத்துக்கு வெளியார் வருவது என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஆண்டு விழாதான். மாலை, சால்வை, ஒலிபெருக்கி. தலைவர் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். இரண்டு மணி நேரம் பேசுவார். முன்வரிசையில் வெயிலில் உட்கார்ந்த குழந்தைகள் கை தட்டச் சொன்னபோது தட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் மிட்டாய் மட்டுமே நினைவிருக்கும்.

ஆரம்பப் பள்ளிக்குத் தேவையான விருந்தினர் இவர் அல்ல.

கங்காதர நெல்லூர் வட்டாரத்தில் கரும்பு விளைகிறது, வெல்லம் காய்ச்சுகிறார்கள். நூறு கிலோ கரும்புக்குச் சுமார் பத்து கிலோ வெல்லம்தான் கிடைக்கும் என்று கொப்பரை அருகே நிற்பவருக்குத் தெரியும். கொதிக்கும் சாற்றில் சுண்ணாம்பு சேர்த்தால் அழுக்கு நுரையாக ஏன் மேலே வருகிறது என்பதும் அவருக்குத் தெரியும். நாலாம் வகுப்புக் கணக்கும் விஞ்ஞானமும் அவர் கையில் இருக்கின்றன. அவரை யாரும் பள்ளிக்கு அழைப்பதில்லை.

பாக்காலா, சித்தூர் வழியாகக் காட்பாடி செல்லும் ரயில் பாதையைத் தினமும் நடந்து சோதிக்கும் கீமேன், வெயிலில் தண்டவாளம் நீளும் கதையைச் சொன்னால் எந்தக் குழந்தை கேட்காது? சித்தூர்ப் பக்கத்து நீவா ஆறு, தமிழ்நாட்டுக்குள் பொன்னை ஆறு என்ற பெயருடன் போய்ப் பாலாற்றில் கலக்கிறது. ஆற்றங்கரை விவசாயி இதைச் சொன்னால் பூகோளப் பாடம் கண்ணெதிரே நிற்கும்.

இது புதிய யோசனை அல்ல. இதே பழைய சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளி அருகே ரிஷிவேலி கிராமப் பள்ளிகள் 1980-களின் பிற்பகுதியிலேயே இந்த வழியில் இறங்கின. ஒரே அறை, பல வகுப்புகள். ஊர்த் தாய்மார்கள் பள்ளிக்கு வந்து கதை சொன்னார்கள். அந்தக் கதைகள் பாடங்களாயின. அங்கு பிறந்த அட்டை முறையைப் பார்த்துவந்துதான் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003-ல் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையும் உள்ளூர்க் கைவினைஞர், விவசாயிகளைப் பள்ளிக்கு அழைக்கச் சொல்கிறது. தொண்டர்களையும் பள்ளிகளையும் இணைக்க மத்திய அரசின் ‘வித்யாஞ்சலி’ திட்டமும் இருக்கிறது. ஜப்பானில் 2002 முதல் இதற்கும் இடம் தரும் தனிப் பாடவேளை ஒதுக்கியிருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அறுபது பிள்ளைகள் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்பை இருவர் சமாளிக்கிறார்கள். விருந்தினர் வருகிறாரே என்று ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக விட்டால் அது மோசடியாகும். விருந்தினர் பேசும்போது ஆசிரியர் வகுப்பிலேயே இருக்க வேண்டும். குழந்தைகளை வெளியாரிடம் தனியே ஒப்படைக்கக் கூடாது. கட்சி, மதம், வியாபாரம் மூன்றும் வாசலோடு நிற்க வேண்டும்.

பேச்சு இருபது நிமிடம் போதும். கையில் ஒரு பொருள் இருக்கட்டும். மீதி நேரம் பிள்ளைகளின் கேள்விக்கு. மறுநாள் அவர்கள் கேட்டதை எழுதட்டும், வரையட்டும்.

தமிழர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. சித்தூர் மாவட்டம் 1911-ல் உருவானபோது வட ஆற்காட்டின் பகுதிகளும் அதில் சேர்ந்தன. 1960-ல் திருத்தணி பிரிந்து தமிழ்நாட்டுக்குப் போன பிறகும் தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி வசதி செய்ய முயல வேண்டும் என்று 1956-ல் சேர்க்கப்பட்ட அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு கூறுகிறது. ஆனால் தமிழ்ப் பள்ளி கைக்கெட்டாத ஊரில், வீட்டில் தமிழ் பேசும் குழந்தை வகுப்பில் வாய் மூடிக்கொள்கிறது. ஒரு பாட்டி வந்து தமிழில் ஒரு கதையும், பக்கத்து வீட்டம்மா தெலுங்கில் ஒரு கதையும் சொல்லட்டும். தன் வீட்டுப் பேச்சுக்கும் பள்ளியில் இடமுண்டு என்று அந்தக் குழந்தை அறியும். தெலுங்குக் குழந்தைக்கும் இதில் நஷ்டம் ஏதுமில்லை.

ஆபீசில் வேலை பார்ப்பவர்களும், பட்டறையில் உழைப்பவர்களும், ஓய்வு பெற்றவர்களும் மாதத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் அல்ல. தமிழ்ச் சங்கங்கள் விழா மேடைக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கை இதற்குத் திருப்பலாம். தலைமை ஆசிரியர்கள் தயங்காமல் கூப்பிட வேண்டும்.

மாலை வேண்டாம். ஒரு நாற்காலியும் ஒரு குவளைத் தண்ணீரும் போதும்.