மின்சாரப் 'பட்டா' வாங்கலாமா? கமக்காரக் குடும்பங்களின் சிந்தனைக்கு

"பாதர், டீசலுக்கு வரிசையிலை நிண்டது காணும். கரண்டிலை ஓடுற பட்டா ஒண்டு எடுத்தால் என்ன?" கமக்காரர் அமைப்புகளின் கூட்டங்களில் இளைஞர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டதன் பின்னர், மின்சார வாகனங்களைப் பற்றிய விளம்பரங்கள் கிராமங்கள் வரை வந்து சேர்ந்துள்ளன. சிறிய பட்டா முதல் பெரிய கப் வாகனம் வரை எல்லாமே மின்சாரத்தில் ஓடும் என்று சொல்லப்படுகிறது.

வசதியுள்ள ஒருவருக்கு இது ஒரு வாகனத்தைப் பற்றிய கேள்வி மட்டுமே. தெரிவு பிழைத்தால் விற்றுவிட்டு வேறொன்றை வாங்கிக்கொள்வார். எமது குடும்பங்களின் நிலை அதுவன்று. 1990இல் ஒருமுறை, 1995இல் ஒருமுறை, 2008, 2009 ஆண்டுகளில் பலமுறை எனத் தேடிய தேட்டத்தை எல்லாம் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் நாம். உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் முள்ளிவாய்க்கால் மணலில் குவியல் குவியலாகத் துருப்பிடித்துக் கிடந்ததைக் கண்டவர்கள் நாம். வெறுங்கையுடன் தொடங்கிய ஒரு குடும்பம் மீண்டும் ஒருமுறை பெருந்தொகையை ஒரே பொருளில் போடுவதாயின், அதனை ஆழ ஆராய்ந்தே செய்தல் வேண்டும்.

கேள்வியின் நியாயம்

முதலில், இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்வோம். 2022இல் நாட்டில் டீசல் இல்லாமற் போனபோது அறுவடை இயந்திரங்கள் வயலோரத்தில் நின்றன. பறித்த மரக்கறி சந்தைக்குப் போக வழியின்றி அழுகியது. அந்த ஆண்டு நடுப்பகுதியில் தொடங்கிய கியூ.ஆர். பங்கீட்டு முறை 2023 செப்ரெம்பர் வரை நீடித்தது. அதற்கு முன்னர் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், ஒரு சொட்டுப் பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களையும் ஏ-40 கார்களையும் மறந்தவர் எவரும் இலர். எண்ணெய்க்காகப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும் நிலையிலிருந்து விடுபட விரும்புவது நல்ல விருப்பமே.

மின்சார வாகனத்தில் மெய்யான நன்மைகளும் உண்டு. எஞ்சின் ஒயில் மாற்ற வேண்டியதில்லை. எண்ணெய் வடிகட்டி, கிளச் என்பன இல்லை. அசையும் பாகங்கள் குறைவு என்பதால் தேய்மானமும் குறைவு. பாரத்துடன் புறப்படும்போதே மோட்டார் முழு இழுவையையும் தரும். பிறேக் பிடிக்கும்போது சக்தியில் ஒரு பகுதி பற்றரிக்கே திரும்புகிறது.

டீசலும் மின்சாரமும்

எனினும் ஒன்றை மறக்கலாகாது. டீசல் இல்லாத அதே 2022இல்தான் மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரமும் இல்லாதிருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டது. விலையும் அப்படியே. மின் கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் உயர்ந்தது. பின்னர் குறைந்தது, மீண்டும் கூடியது. எனவே மின் கம்பியை மட்டும் நம்பி வாகனம் எடுப்பவர் ஒரு வாசலில் கையேந்துவதை விட்டு இன்னொரு வாசலில் கையேந்துகிறார், அவ்வளவுதான்.

இதற்கு மாற்று வெயில். எமது உலர் வலயத்தில் ஒரு கிலோவாற் சூரியகலன் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு யூனிற் மின்சாரம் தரும். ஐந்து கிலோவாற் அமைத்தால் இருபது யூனிற். மரக்கறி ஏற்றும் வாகனம் விடியற்புறம் சந்தைக்குப் போய் முற்பகலில் திரும்பிவிடும். வெயில் ஏறும் நேரத்தில் அது முற்றத்தில் நிற்கும். கமக்காரரின் வேலை நேரமும் சூரியனின் வேலை நேரமும் இவ்விதம் பொருந்துவது ஒரு வாய்ப்பு. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகல் மின்சாரம் தேவைக்கு மிஞ்சியதால் கூரைச் சூரியகலன்களை நிறுத்தி வைக்கும்படி நாடெங்கும் கேட்கப்பட்டது. பகலில் மிஞ்சுவதை வாகனம் உண்ணுமாயின் அது நாட்டுக்கும் நல்லது. ஆனால் சூரியகலனுக்கும் முதல் வேண்டும், கூரையும் வேண்டும். அதனைப் பின்னர் பார்ப்போம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இங்கே தரும் விலைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் இன்றைய விலையை இட்டுப் பாருங்கள்.

டீசல் லீற்றர் 280 ரூபா, பட்டா லீற்றருக்கு 14 கிலோமீற்றர் ஓடும் எனக் கொள்வோம். மின்சாரம் யூனிற் 40 ரூபா. மின்சாரப் பட்டா பாரத்துடன் ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு யூனிற் எடுக்கும். சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்ப்போம். நாளுக்கு 50 கிலோமீற்றர் ஓடினால் டீசலுக்கு 1,000 ரூபா, மின்சாரத்துக்கு ஏறத்தாழ 460 ரூபா. மிச்சம் 540. மாதத்தில் இருபது நாள் ஓடினால் 10,800 ரூபா.

நல்ல மிச்சம் என்று தோன்றும். ஆனால் மின்சார வாகனம் டீசல் வாகனத்தைவிட இருபது இலட்சம் ரூபா கூடுதல் விலை எனக் கொள்ளுங்கள். அந்த மேலதிகத் தொகையை 15 வீத வட்டிக்கு லீசிங்கில் எடுத்தால் முதல் ஆண்டு வட்டி மட்டும் மூன்று இலட்சம், அதாவது மாதம் 25,000 ரூபா. மாதம் 10,800 மிச்சம் பிடிப்பதற்காக 25,000 வட்டி கட்டுகிறோம்!

இனி, அதே வாகனம் நாளுக்கு 120 கிலோமீற்றர், மாதம் 25 நாள் ஓடுகிறது என்று பாருங்கள். மிச்சம் ஏறத்தாழ 32,000 ரூபா. வட்டியில்லாத சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தால் ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் அந்த இருபது இலட்சமும் திரும்பிவிடும்.

இதிலிருந்து தெரிவது யாது? மின்சார வாகனம் அதிகம் ஓடுபவருக்கே இலாபம் தரும். நின்றுகொண்டிருந்தால் கடன் மட்டுமே வளரும். இரண்டு ஏக்கர் நெல்லும் கால் ஏக்கர் மிளகாயும் செய்யும் தனிக் குடும்பத்துக்கு நாளுக்கு 120 கிலோமீற்றர் ஓடும் வேலை ஏது? லீசிங் தவணை கட்ட முடியாமல் உழவு இயந்திரத்தைப் பறிகொடுத்த வீடுகள் எமது ஊர்களில் எத்தனை! வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை 2018இல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்தது. கடன் எமது குடும்பங்களுக்கு என்ன செய்தது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

தூரமும் பாரமும்

விளம்பரத்தில் உள்ள தூரம் ஒன்று, மூட்டை ஏற்றிய பின் ஓடும் தூரம் வேறொன்று. இந்தியாவில் 2022இல் அறிமுகமான டாடா ஏஸ் மின்சார வாகனத்தின் பற்றரி 21.3 கிலோவாற் மணி. 600 கிலோ ஏற்றலாம். சான்றளிக்கப்பட்ட தூரம் 154 கிலோமீற்றர். தாய்லாந்தில் உற்பத்தியாகும் இசுசு டி-மக்ஸ் மின்சாரக் கப் வாகனத்துக்கு 66.9 கிலோவாற் மணி பற்றரி. ஒரு தொன் ஏற்றலாம். சோதனைச்சாலைத் தூரம் 263 கிலோமீற்றர். முழுப் பாரம், குழிவிழுந்த கிரவல் வீதி, மழைக்காலச் சேறு ஆகியவற்றைச் சேர்த்தால் இத்தூரம் குறையும். அமெரிக்காவில் பெரிய மின்சாரக் கப் வாகனங்கள் பாரமான இழுவைப் பெட்டியுடன் ஓடியபோது தூரம் பாதியளவுக்குக் குறைந்தது.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு 52 கிலோமீற்றர். போய்வர 104. சிறிய பட்டாவுக்கு அது எல்லைக்கோட்டில் நிற்கும் பயணம். கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஒரு வழி மட்டும் ஏறத்தாழ 180 கிலோமீற்றர். அங்கே வெங்காயம் கொண்டு செல்பவருக்குச் சிறிய மின்சார வாகனம் உதவாது.

சார்ஜ் செய்யும் நேரமும் உண்டு. வீட்டுச் சாதாரண பிளக்கில் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது ஏறத்தாழ இரண்டே கால் கிலோவாற். அதில் 21 கிலோவாற் மணி பற்றரி நிரம்பப் பத்து மணித்தியாலம் வேண்டும். 67 கிலோவாற் மணி பற்றரிக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதாது. ஏழு கிலோவாற் சார்ஜர் பூட்டினால் 30 அம்பியர் வீட்டு இணைப்பு முழுவதையும் அதுவே விழுங்கும். அந்நேரம் நீர் இறைக்கும் மோட்டாரைப் போட முடியாது.

பற்றரியின் ஆயுள்

மின்சார வாகனத்தின் விலையில் பெரும்பங்கு பற்றரியே. வெப்பம் அதற்குப் பகை. நீரால் குளிரூட்டும் ஏற்பாடில்லாத முதற்கால நிசான் லீஃப் கார்கள் வெப்பமான இடங்களில் விரைவாகக் கொள்ளளவை இழந்தன. 2014, 2015 காலத்தில் அவ்வகைக் கார்கள் இலங்கைக்கும் ஏராளமாக வந்தன. பின்னர் வந்த இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரிகள் நீண்டகாலம் உழைப்பவை. ஆகவே எந்த வகைப் பற்றரி, எத்தனை ஆண்டு உத்தரவாதம், எந்த நகரில் திருத்துவார்கள், கணினி இல்லாமல் திறந்து பார்க்க முடியுமா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். லான்ட்மாஸ்டரை மரநிழலில் கழற்றிப் பூட்டும் எமது மெக்கானிக்மாரின் கைத்திறன் இங்கே செல்லாது. உற்பத்தி தொடருமா என்பதும் கேள்வியே. அமெரிக்காவில் 2022இல் விற்பனைக்கு வந்த ஃபோர்ட் நிறுவனத்தின் முழு மின்சாரக் கப் வாகனத்தின் உற்பத்தியை முடிப்பதாக அந்நிறுவனம் 2025 டிசெம்பரில் அறிவித்தது. பெரிய நிறுவனத்துக்கு அது கணக்கில் ஒரு வரி. வாங்கிய ஏழைக்கோ அது வாழ்வு.

வெள்ளத்தையும் எண்ணுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது வீடும் வயலும் நீரில் மூழ்கியதை நாம் அறிவோம். பற்றரிக்குள் நீர் புகுந்த வாகனத்தைப் பரிசோதிக்காமல் சார்ஜ் செய்வது தீ விபத்துக்கு இடமளிக்கும்.

காணியும் கூரையும்

இவை எல்லாவற்றிலும் முக்கியமானதாக எனக்குத் தோன்றுவது இதுதான். டீசல் வாகனம் எங்கும் வந்து நிற்கும். கான் ஒன்றில் எண்ணெய் இருந்தால் போதும். மின்சார வாகனமோ நிலையான வீடு ஒன்றை முன்கூட்டியே வேண்டி நிற்கிறது. உங்கள் பெயரில் மின் இணைப்பு வேண்டும். இணைப்புக்குக் காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ தேவைப்படும். சூரியகலனுக்கு அசையாத கூரை வேண்டும். சொந்தக் காணி இன்னும் விடுவிக்கப்படாமல் உறவினர் வளவிலும் வாடகைக் காணியிலும் வாழும் குடும்பங்களுக்கு இவற்றில் எது உண்டு? காணியில்லாதவனிடம் மின்சார வாகனத்தை விற்பது கிணறில்லாதவனுக்கு வாளி விற்பது போன்றது. புதிய தொழில்நுட்பத்தின் நன்மை எமது மக்களைச் சேரவேண்டுமாயின், அதற்கு முதற்படி காணி உரிமையே. இதனை அதிகாரிகளுக்கு எடுத்துரைப்பது எமது சங்கங்களின் கடமை.

அப்படியாயின் யார் வாங்கலாம்?

எனது கருத்தைத் தெளிவாகவே கூறுகிறேன். தனிக் குடும்பம் லீசிங்கில் மின்சார வாகனம் எடுப்பதை இப்போதைக்குத் தவிர்த்தல் நன்று. இருக்கும் பழைய வாகனத்தைத் திருத்தி ஓடுவதில் வெட்கம் இல்லை.

ஆனால் கூட்டுறவுச் சங்கமோ கமக்காரர் அமைப்போ பால் சேகரிக்கும் சங்கமோ துணிந்து ஆராயலாம். அவர்களிடம் உறுதியுள்ள காணி, கூரையுள்ள கட்டடம், அங்கத்தவர் பங்குப் பணம் ஆகியன இருக்கக்கூடும். பால் சேகரிப்பு ஒவ்வொரு நாளும் ஒரே வீதியில், தெரிந்த தூரத்தில் நடப்பது. காலையில் பால், முற்பகலில் மரக்கறி, மாலையில் உரமும் விதையும் என வாகனம் ஓயாது ஓடினால் மேலே சொன்ன இரண்டாவது கணக்குப் பொருந்தும். இடையில் கட்டடக் கூரையின் கீழ் வெயிலில் சார்ஜ் ஏறும். ஒரு வீட்டை முறிக்கும் பாரத்தை நாற்பது வீடுகள் இலகுவாகச் சுமக்கும்.

அவர்களும் அவசரப்படலாகாது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே மூச்சில் நிறுத்திய முடிவினால் கமக்காரர் பட்ட பாட்டை மறந்துவிட முடியாது. நல்ல நோக்கமும் ஆயத்தமில்லாத அவசரமும் சேர்ந்தால் அழிவே விளையும். முதலில் ஒரு மாதம், இருக்கும் வாகனம் நாள்தோறும் ஓடும் தூரத்தையும் ஏற்றும் பாரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். பின்னர் விற்பவரிடம் வாகனத்தை ஒரு வாரம் கேட்டு, உங்கள் மூட்டையை ஏற்றி, உங்கள் வீதியில் ஓட்டிப் பாருங்கள். ஓடித் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். வாங்குவது என்று முடிவானால், பற்றரிக்கென மாதந்தோறும் ஒரு தொகையைத் தனியாகச் சேமியுங்கள்.

வீட்டில் இதனைப் பேசும்போது பெண்களும் கணக்குக் கொப்பியுடன் அமரட்டும். தவணை தவறும் நாளில் நகையை அடைவு வைக்கப் போவது அவர்களே. அடுத்த சங்கக் கூட்டத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: நாளுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறோம்? வாகனம் யாருடைய காணியில், யாருடைய இணைப்பில் சார்ஜ் ஏறும்? வருமானம் இல்லாத மூன்று மாதங்கள் வந்தால் யார் தவணை கட்டுவது? மூன்றுக்கும் நேரான விடை கிடைத்தால் வாங்குங்கள். ஒன்றுக்கேனும் விடையில்லையெனில் பொறுத்திருங்கள். இவ்வாகனங்களின் விலை ஆண்டுக்கு ஆண்டு மாறி வருகிறது, காத்திருப்பவருக்கு நட்டமில்லை.